எஞ்சின் எனக்கு, சிறகு அவனுக்கு

எங்கள் விவாகரத்தை விசாரித்த நீதிபதிக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. வீடு இவளுக்கு, லாரி இவனுக்கு, நாய் இவளுக்கு என்று சரசரவென்று சொல்லிக்கொண்டே வந்தவர், பட்டியலில் 'பழைய விமானம், ஒன்று, பிரித்த நிலையில்' என்று பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உடம்பும் சிறகும் சிரியாக்கோ பெங்கோவா வாங்கியது, எஞ்சின் டெல்மிரா ஒஸ்டோயிச் வாங்கியது என்று ரசீது சொன்னது. ரசீதில் உள்ளபடியே பிரித்துக் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போய்விட்டார். டெல்மிரா ஒஸ்டோயிச் நான்தான்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் எஞ்சின் என் கொட்டகையிலும் சிறகுகள் எதிர் வரிசையில் அவன் கொட்டகையிலும் கிடந்தன. நடுவில் ஒரே ஒரு தெரு. நான் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் எந்திரங்களைப் பழுது பார்க்கிறவள். பண்ணை பண்ணையாகச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்ததும் அந்த ஏழு சிலிண்டரையும் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுத்தான் படுப்பேன். அவன் சிறகுகளில் எலி குட்டி போட்டது. அதை ரொட்டிக்கடையில் நின்று நாலு பேருக்குக் கேட்கும்படி நான்தான் சொன்னேன்.

என் எரிச்சல் எலியைப் பற்றியது இல்லை. எங்கள் ஊர் புவெர்ட்டோ லாஸ்ட்ராவில் யாரைக் கேட்டாலும் அது "பெங்கோவாவோட விமானம்". எஞ்சின் இல்லாத சிறகை வைத்துக்கொண்டு துணிகூடக் காயப்போட முடியாது. ஆனாலும் அது பெங்கோவாவின் விமானம். அவன் முப்பது வருடம் வயல்களுக்கு மருந்து தெளித்த விமானி. எங்கள் ஊர்க் காற்றில் அவனைப்போல இறக்க ஆளில்லை என்று பெயர். நான் நாற்பத்தெட்டு வயதில் ட்ரெலெவ் நகரம் வரை போய் விமானி உரிமம் வாங்கி வந்த மெக்கானிக். உரிமத்தைக் காட்டியபோது என் சொந்தத் தம்பி லாசரோ, சட்டம் போட்டு மாட்டு அக்கா, சுவர் அழகாக இருக்கும் என்றான்.

இரண்டு பாதியையும் சேர்த்துவைத்தவள் எங்கள் விமான கிளப்பின் செயலாளர் எதெல்வினா சோட்டோ. மருந்துக்கடைக்காரி. மாத்திரையை எண்ணுவதுபோலத்தான் விதிகளையும் எண்ணுவாள். ஒருநாள் எங்கள் இருவரையும் ஒரே நேரத்துக்குக் கடைக்கு வரச்சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, கிளப்புக்குத் தொண்ணூறாவது வருடம் வருகிறது, அதற்குள் அந்த விமானம் பறந்தாக வேண்டும், இல்லையென்றால் இரண்டு பேரையும் உறுப்பினர் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன் என்றாள். வடக்குக் கோடியில், ஹுஹுயில், மரச்சட்டத்துக்குத் துணி போர்த்திச் சிறகு செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே என் எஞ்சின் ஒரு லாரியில் போனது, அவன் சிறகு வேறொரு லாரியில் போனது. இரண்டு வருடம் கழித்து ஒரே விமானமாக வெளியே வந்தன. 1939-இல் கோர்டோபாவில் கட்டிய இரட்டைச் சிறகு விமானம். மேலே மூடி கிடையாது. முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள், ஒவ்வொன்றிலும் இடுப்புவரை இறங்கி உட்கார வேண்டும்.

அதை வீட்டுக்குக் கொண்டுவர, நாட்டின் நீளம் முழுக்கப் பறந்தோம். பதினேழு நாள். பதினேழு நாளும் சண்டை.

சண்டைக்குக் காரணம் ஸ்டிக், விமானத்தை ஏற்றி இறக்கப் பிடிக்கிற தடி. இரண்டு இருக்கையிலும் கால்களுக்கு நடுவே ஆளுக்கொரு ஸ்டிக் இருக்கும். அடியில் இரண்டையும் ஒரு தண்டு இணைக்கிறது. ஒன்றை அசைத்தால் மற்றதும் அசையும். நான் ஓட்டும் முறை வரும்போதெல்லாம், சக்கரம் தரையைத் தொடப்போகிற அந்தக் கடைசி நொடியில், என் கையில் இருக்கும் ஸ்டிக் தானாகக் கொஞ்சம் நகரும். முன் இருக்கையில் அவன் கை. கேட்டால், நான் தொடவே இல்லை, காற்று என்பான். காற்றுக்கு இவனைப்போல இடது கைப் பழக்கம் உண்டா என்ன. வழியில் சான்டா ரோசாவில் இறங்கியதும் மாத்தேத் தேநீருக்கு வைத்திருந்த வெந்நீர்க் கெட்டிலைத் தூக்கி அவன் மேல் எறிந்தேன். குறி தவறிவிட்டது, இன்றுவரை வருத்தம்தான்.

கடைசி நாள் காலை சான் ஹூலியானில் இருந்தோம். எங்கள் ஊருக்கு இன்னும் இருநூற்று நாற்பது கிலோமீட்டர். மைதானத்தை ஒட்டிய ஓட்டலின் ஜன்னல்கள் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தன. காற்று தென்மேற்கு, எங்களுக்கு நேர் எதிர். காப்பி வந்தது. நான் ஆரம்பித்தேன்.

"யோவ் பெங்கோவா, இன்னைக்கு நான்தான் ஓட்டுறேன். ஊர்ல எறக்குறதும் நான்தான். உன் கை ஸ்டிக் மேல பட்டுச்சுன்னா உன்னை அப்படியே கடல்ல தள்ளிவிட்டுருவேன்."

அவன் ரொட்டியைக் காப்பியில் முக்கித் தின்றுகொண்டிருந்தான். அவசரமே படாதவன், அதுவே எனக்கு ஆகாது.

"சரி. நீயே எறக்கு. என்னைக் கூப்பிடாம எறக்கிட்டேன்னா சிறகும் உனக்கு, முழு விமானமும் உனக்கு. கூப்பிட்டேன்னா எஞ்சின் எனக்கு."

"எழுதிக் குடு."

"எழுதிக் குடுத்துத்தான தாயே நாம இந்தக் கதிக்கு வந்தோம்."

கை குலுக்கிக்கொண்டோம். ஓட்டல்காரம்மாள் சாட்சி. முழு விமானம். எங்களை வரவேற்க ஊர் முழுக்க வந்து நிற்கும், எல்லார் கண்ணுக்கும் முன்னால் நான் இறக்குவேன், அதற்குப் பிறகு ஒரு பயல் அதைப் பெங்கோவாவின் விமானம் என்று சொல்லட்டும் பார்க்கலாம்.

நான் பெட்ரோல் நிரப்புகிறவரோடு மல்லுக்கு நின்று, வடிகட்டித்தான் ஊற்றவேண்டும் என்று ஊற்றவைத்துவிட்டு, ரசீது வாங்கிக்கொண்டு வந்தபோது அவன் ஏற்கெனவே முன் இருக்கையில் இருந்தான். மடியில் போஞ்சோக் கம்பளியை நெஞ்சுவரை இழுத்துப் போர்த்தி, குளிர்காலத்துப் பூனையைப்போல உட்கார்ந்திருந்தான். அன்று அவன் என்னை எதற்கும் குறை சொல்லவில்லை. அதையாவது நான் கவனித்திருக்க வேண்டும். ஓட்டுகிறவருக்குப் பின் இருக்கை என்பது இந்த விமானத்தின் வழக்கம். ஏறி, பெல்ட்டை இறுக்கினேன். மைதானத்து ஆள் விசிறியைச் சுழற்றிவிட்டான், என் எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. ஓட ஆரம்பித்ததும் பெங்கோவா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினான். துப்பாக்கி காட்டியவன் முன்னால் நிற்பதைப்போல. பார், தொடவில்லை என்று எனக்குக் காட்டுகிறானாம். நடிப்பைப் பார் என்று நினைத்தேன்.

மேலே ஏறியதும் காற்று எங்களைப் பிடித்துக்கொண்டது. காற்றில்லாத நாளில் எங்கள் விமானம் மணிக்கு நூற்றைம்பது போகும். அன்று எதிர்க்காற்றே எழுபது. இடது பக்கம் கடல், வலது பக்கம் முள்செடி வெளி, கீழே தேசிய நெடுஞ்சாலை. சாலையில் ஓர் ஆட்டு லாரி எங்களைப் பின்னாலிருந்து எட்டிப்பிடித்து, கொஞ்ச நேரம் கூடவே வந்து, ஹார்ன் அடித்துவிட்டு முந்திப் போனது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கை ஆட்டினான். நானும் ஆட்டினேன். பெங்கோவா ஆட்டவே வேண்டாம், அவன் கைதான் ஏற்கெனவே மேலே இருந்ததே.

எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் என் வயதுக்கு வெட்கம். காது மடல் விறைத்துப்போயிருந்தது, கண்ணில் நீர் கொட்டியது, தோள் இரண்டும் கழன்றுவிடும்போல வலித்தது. நான் கத்திக்கொண்டே ஓட்டினேன். வார்த்தை ஒன்றும் இல்லை, சும்மா கத்தல். காற்று தூக்கிப் போட்டது, நான் பிடித்தேன். மறுபடி தூக்கியது, மறுபடி பிடித்தேன். ஸ்டிக் என் கையைத் தவிர வேறு எந்தக் கைக்கும் அசையவில்லை. பதினேழு நாளில் முதல் தடவை. குவனாக்கோ என்கிற காட்டு ஒட்டகக் கூட்டம் ஒன்று எங்கள் நிழலைக் கண்டு சிதறி ஓடியது. எஞ்சின் ஒரே சுதியில் பாடியது. இரண்டு இருக்கைக்கும் நடுவே பேசுவதற்கு ஒரு ரப்பர் குழாய் உண்டு. அதில் வாயை வைத்து, கேட்கிறதா என் எஞ்சின் சத்தம், உன் எலிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று அவனுக்குச் சொன்னேன். குழாயில் அவன் சிரிப்பு மட்டும் வந்தது.

மூன்று மணி நேரம் தாண்டி எங்கள் ஊரின் தகரக் கூரைகள் தெரிந்தன. தொட்டியில் இன்னும் அரைமணி நேரத்துக்குப் பெட்ரோல் இருந்தது. அதற்குள் இறக்கியாக வேண்டும், பக்கத்தில் வேறு மைதானம் கிடையாது.

எங்கள் மைதானத்தில் இறங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஓடுபாதை வடக்கு தெற்காகப் போகிறது, காற்றோ அதன் குறுக்கே வீசுகிறது. அதனால் பெருங்காற்று நாளில் ஓடுபாதையை யாரும் சட்டை செய்வதில்லை. அதற்கு அடுத்த வெறும் தரையில் காற்றின் முகத்தைப் பார்த்து இறக்குவோம். காற்றும் விமானமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் எதிரெதிராக முட்டும்போது, விமானம் தரைக்கு மேலே ஆள் ஓடும் வேகத்தில்தான் நகரும். கீழே இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் காத்திருப்பார்கள். சக்கரம் தொட்டதும் ஓடிவந்து, கொக்கி மாட்டிய மூங்கில் கழியால் சிறகை இழுத்துப் பிடிப்பார்கள். பிடிக்காவிட்டால் நின்ற விமானத்தையும் காற்று புரட்டிப் போட்டுவிடும். தபால் விமானங்கள் வந்த காலத்திலிருந்து அப்படித்தான். எங்கள் ஊரில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்கூடச் சிறகு பிடிக்க மட்டும் ஒன்றாக வந்துவிடுவார்கள்.

கடலுக்கு மேலே திரும்பி, காற்றின் முகத்துக்கு வந்தேன். ஊரே மைதானத்தில் இருந்தது. கொடிகள், பாண்டு வாத்தியம், பள்ளிப் பிள்ளைகள், கழியோடு இரண்டு வரிசை ஆட்கள், கொஞ்சம் தள்ளி ஆட்டுக்கறி சுடும் நெருப்பு. இறக்கினேன். முப்பது மீட்டர். இருபது. எல்லாம் கைக்கு அடங்கி வந்தது. பத்து மீட்டர் இருக்கும்போது காலடியிலிருந்து பலகையை உருவியதுபோல விமானம் அப்படியே விழுந்தது.

எஞ்சினை முழுக்கத் திறந்தேன். சக்கரம் தரையில் மோதி எகிறியது, இடது சிறகு சாய்ந்தது, அந்தப் பக்கம் கழி வைத்திருந்த எட்டுப் பேரும் தரையில் படுத்துவிட்டார்கள். எப்படியோ நிமிர்த்தி, மக்களின் தொப்பிகளுக்கு மேலே உறுமிக்கொண்டு வெளியே வந்தேன். முன்னால் பார்த்தேன். பெங்கோவாவின் கைகள் அப்படியே மேலேதான் இருந்தன.

சுற்றி வந்து இரண்டாம் முறை இறக்கினேன். இன்னும் மெதுவாக, இன்னும் கவனமாக. அதே இடம், அதே பத்து மீட்டர், அதே விழுகை. இந்தத் தடவை வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் ஏதோ மடாரென்றது. மறுபடி மேலே ஏறினேன்.

அப்போதுதான் பயம் வந்தது. விழுந்துவிடுவோம் என்கிற பயம் பிறகுதான். அதற்கு முன்னால் வந்தது வேறு. இந்த விமானத்தை அவன் கை இல்லாமல் நான் ஒருமுறைகூடத் தரையில் இறக்கியதில்லை. பதினேழு நாளும் கடைசி நொடியில் நகர்ந்த அந்த ஸ்டிக். நான் அவனைத் திட்டித் தீர்த்தேன், ஆனால் இறக்கியது யார்? ஒருவேளை ஊர் சொல்வதுதான் சரியோ. இது பெங்கோவாவின் விமானம்தானோ.

பெட்ரோல் கால் மணி நேரத்துக்கு இருந்தது. கீழே குழந்தைகள் நின்றார்கள். குழாயைப் பிடித்து வாயில் வைத்தேன். என்ன கொடுக்கப்போகிறேன் என்று தெரிந்துதான் வைத்தேன். ஒரு சுண்ணாம்புச் சூளைக்காரனிடம் பழைய இரும்பாகக் கிடந்ததைப் பாகம் பாகமாக வாங்கி, பதினொரு வருடம் என் கையால் சேர்த்த எஞ்சின் அது.

"பெங்கோவா, எடுத்துக்கோ."

குழாயை வாயோடு இறுக்கிக்கொண்டு மறுபடி கத்தினேன்.

"எடுத்துக்கோய்யா. என்னால முடியல. கேக்குதா?"

அவன் தலை லேசாகத் திரும்பியது. கேட்டிருக்கிறது. கைகள் இரண்டும் இன்னும் கொஞ்சம் உயரப் போயின, அவ்வளவுதான்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. ஒன்பது வருடம் தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்து வளர்த்த கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது. செத்தாலும் சாவேன், பந்தயத்தில் கறாராக இருப்பேன் என்று உட்கார்ந்திருக்கிறானே பாவி. உன் குலத்தில் ஒருத்தன் உருப்படுவானா என்று ஆரம்பித்து அவன் அப்பா, பெரியப்பா, அவர்களை ஏற்றிவந்த கப்பல் என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு நல்ல விஷயம், கோபம் வந்தால் எனக்குக் கண் நன்றாகத் தெரியும். மைதானத்தை மேலிருந்து முதல்முறையாக நிதானமாகப் பார்த்தேன். புகை கண்ணில் பட்டது.

புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. எழுபது கிலோமீட்டர் காற்றில் எந்தப் புகை நேராகப் போகும்? இரண்டு லாரி உயரம்வரை ஒழுங்காக எழும்பி, அதற்கு மேலே போனதும் பிய்ந்து பறந்தது. நெருப்புக்கு முன்னால், காற்று வரும் பக்கம், பதினான்கு ஆட்டு லாரிகள் மூக்கும் வாலும் ஒட்டியபடி சுவர்போல நின்றன. என் தம்பி லாசரோவின் வேலை. இரும்புச் சிலுவையில் கட்டிய ஏழு ஆட்டுக்குட்டிகள், ஆறு மணி நேரம் வேகவேண்டும். காற்று அடித்தால் ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் பச்சையாக நிற்கும். அப்படி ஒன்று நடந்தால் அவன் ஒரு மாதம் வெளியே தலை காட்டமாட்டான். அதனால் காற்றை மறைத்திருக்கிறான். அந்த மறைப்புக்குப் பின்னால் வசதியாக இருக்கிறது என்று சிறகு பிடிப்பவர்களும் அங்கேயே வரிசை கட்டிவிட்டார்கள். காற்றில்தான் விமானம் நிற்கிறது, கறிக்காகக் காற்றை மறைத்தால் விமானத்துக்கும் மறைந்துபோகும் என்று ஊரில் ஒரு மண்டைக்குக்கூட உறைக்கவில்லை. நான் கீழே இருந்திருந்தால் நானும் ஒரு லாரியைக் கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன்.

விழுந்தது என் கையால் இல்லை. அதைப் புரிந்துகொண்டதும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

மூன்றாம் முறை கடலிலிருந்து வந்தபோது வரிசையைப் பார்த்து இறங்கவில்லை. நெருப்புக்கு மேலே, லாரிக் கூரைகளுக்கு மேலே, எஞ்சினை விடாமல் பிடித்துக்கொண்டு தாண்டினேன். ஒரு சிலுவை ஆட்டோடு சாய்ந்தது, லாசரோ வானத்தைப் பார்த்து முஷ்டியை ஆட்டினான். லாரிகளைத் தாண்டியதும் சுத்தமான காற்று முகத்தில் அறைந்தது. அந்தக் காற்றில் விமானம் தன் எடையை முழுக்க வைத்துச் சாய்ந்துகொண்டது. வாலைத் தூக்கியபடியே அங்குலம் அங்குலமாக இறக்கினேன். சக்கரம் முள்செடியை உரசியது. தொட்டது. நின்றது.

நின்றது என்றால் முழுக்க நிற்கவில்லை. எஞ்சினைக் குறைத்தால் காற்று புரட்டிவிடும், கூட்டினால் மறுபடி தூக்கிவிடும். சிறகு பிடிக்கிறவர்கள் முந்நூறு மீட்டர் பின்னால், லாரிகளுக்கு அந்தப் பக்கம். அவர்கள் வருகிறவரை தரையில் நின்றுகொண்டே பறக்க வேண்டும். ஒரு வலுத்த வீச்சில் விமானம் பின்னோக்கிக்கூட உருண்டது. வலது கையில் ஸ்டிக், இடது கையில் எஞ்சின், காலில் வால். வேறு எதுவும் அப்போது உலகத்தில் இல்லை. கண்ணாடியில் எண்ணெய் தெறித்தது, துடைக்கக் கை இல்லை. வாங்கடா, வாங்கடா என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வந்தார்கள். லாரிகளின் இடுக்கிலிருந்து பிதுங்கி, கழியோடும் கயிறோடும் ஓடிவந்தார்கள். பாண்டுக்காரன் ஒருவன் தோளில் பெரிய ஊதுகொம்போடு ஓடிவந்தான். கையில் கறிக் கத்தி, இடுப்பில் ரத்தம் படிந்த துணியோடு என் தம்பி. முதல் கொக்கி இடது சிறகில் மாட்டியது, அடுத்தது வலதில். பிறகு எத்தனை கை என்று தெரியவில்லை. வாலில் நாலு பேர் ஏறிப் படுத்தார்கள். சிறகுகள் துள்ளுவதை நிறுத்தின. எஞ்சினை அணைத்தேன். காற்றின் சத்தமும் ஊரின் சத்தமும் மட்டும் பாக்கி இருந்தன.

எல்லாரும் முன் இருக்கைக்கு ஓடினார்கள்.

முன்னால் உட்கார்ந்திருப்பவன்தான் ஓட்டினான் என்று நினைத்துவிட்டார்கள். ஓட்டுகிறவர் பின்னால்தான் உட்கார்வார் என்று கிளப்பில் பாதிப் பேருக்குத் தெரியும். ஆனாலும் அந்த ஆனந்தத்தில், அந்தக் காற்றில், அப்படி ஓர் இறக்கம் என்றதும் அவர்கள் வாயில் ஒரே பெயர்தான் வந்தது. பெங்கோவாவை இருக்கையிலிருந்து உருவி எடுத்துத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். லாரியைத் தாண்டி இறக்குவதற்கு உன்னை விட்டால் யார் மச்சான் என்று லாசரோ அவன் காலைக் கட்டிக்கொண்டான். பெங்கோவா, நான் இல்லை, பின்னால் பாருங்கடா என்று கத்தினான். அடக்கத்தைப் பார் என்று இன்னும் உயரத் தூக்கினார்கள்.

பெல்ட்டைக் கழற்றிச் சிறகின் மேல் ஏறி நின்றேன். காற்றுக்கு மேலே கேட்க வேண்டுமே, பண்ணையில் நாயை அதட்டுகிற குரலில் கத்தினேன்.

"எறக்கினது நான்டா. மூணு தடவையும் நான்தான்."

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஊருக்குத் தெரியவா போகிறது. ஆனால் அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.

"ஆனா பந்தயத்துல தோத்துட்டேன். நடுவுல பயந்துட்டேன். எடுத்துக்கோன்னு இவனைக் கூப்பிட்டேன். அதனால எஞ்சினும் இவனோடது, விமானமும் இவனோடது."

பெங்கோவா தோள்களிலிருந்து கீழே இறங்கினான். அவசரப்படாமல் போஞ்சோவைச் சரிசெய்துகொண்டு, எதெல்வினாவைக் கூப்பிட்டு, முன் இருக்கைக்குள்ளே பார்க்கச் சொன்னான்.

எதெல்வினா காலணியைக் கழற்றிவிட்டுச் சிறகில் ஏறினாள். கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு உள்ளே குனிந்தாள். வெகுநேரம் குனிந்தே இருந்தாள். பிறகு கையை உள்ளே விட்டு எதையோ தடவிப் பார்த்தாள்.

"இங்க ஸ்டிக் எங்க?"

"சான் ஹூலியான்ல இருக்கு," என்றான் பெங்கோவா. "ஓட்டல்காரம்மா கிட்ட குடுத்துட்டு வந்தேன். ரெண்டு ஆணியைக் கழட்டினா வந்துரும்."

கூடியிருந்த இருநூறு பேரும் விமானத்தோடு வளர்ந்தவர்கள், விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மூன்று மணி நேரமும் அவன் கையைத் தூக்கிக்கொண்டிருந்தது நடிப்பு இல்லை. பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றுமே இல்லை. நான் சிறகின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"யோவ், நான் கூப்பிட்டது உனக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"செத்திருப்போமேய்யா."

"செத்திருப்போம்."

"அப்புறம் எதுக்குய்யா இப்படிப் பண்ணின?"

அவன் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பேசியபோது வேடிக்கையாகப் பேசவில்லை.

"இந்தக் கையைப் பத்தி எனக்குத் தெரியும் டெல்மி. நீ கூப்பிடாட்டியும் அது போயிருக்கும். அப்புறம் எறக்கினது யாருன்னு சாகிற வரைக்கும் நமக்கு ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்காது."

நான் அழுதேன். மறைத்தெல்லாம் அழவில்லை, எல்லாருக்கும் முன்னால், மூக்கைச் சிந்தி அழுதேன். அந்த நேரத்தில் எதெல்வினா சிறகிலிருந்து இறங்கி, காலணியை மாட்டிக்கொண்டு, தீர்ப்புச் சொன்னாள்: கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இருந்தால்தான் அது கூப்பிட்டது ஆகும், இங்கே ஆள் இல்லை, முன் சீட்டில் எண்பத்திரண்டு கிலோ மூட்டை ஒன்று இருந்தது, அவ்வளவுதான், ஆகவே டெல்மிரா ஒஸ்டோயிச் தனியாகத்தான் வந்திருக்கிறாள். முன்னாலும் வாலைத் திருப்பும் கால்மிதி இருக்கிறதே என்று லாசரோ இழுத்தான். மிதியை வைத்து எவன்டா விமானத்தை இறக்குவான், நீ போய் ஆட்டைத் திருப்பு என்றாள்.

தனியாக என்ற சொல் காதில் விழுந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. எங்கள் மைதானத்தில் முதல்முறை தனியாக இறக்குகிறவர்களுக்குப் பழைய எஞ்சின் எண்ணெயால் தலை முழுக்காட்டுவது வழக்கம். உரிமம் வாங்கி எட்டு வருடமாகியும் எனக்கு அது நடந்ததில்லை. இங்கே நான் இறக்கியபோதெல்லாம் கூட ஒருவர் இருந்தார். யாரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. இரண்டு பேர் லாரிகளுக்கு ஓடி, அடியில் படுத்து, கறுப்பு எண்ணெயை வாளியில் வடித்துக்கொண்டு வந்தார்கள். என்னைச் சிறகிலிருந்து இழுத்து இறக்கி நிறுத்தினார்கள். எண்ணெய் பிசுபிசுவென்று உச்சந்தலையில் விழுந்து, கழுத்து வழியாக, சட்டைக்குள்ளே, பூட்ஸுக்குள்ளே இறங்கியது. பாண்டுக்காரன் ஊதுகொம்பை எடுத்து ஊதினான். என் வாழ்நாளில் அப்படி ஒரு மரியாதையை நான் உடுத்திக்கொண்டதில்லை.

கண்ணைத் திறக்க முடியவில்லை. யாரோ ஒருவன் கைக்குட்டையால் என் இமைகளைத் துடைத்துவிட்டான். அவசரமில்லாமல் துடைத்ததிலேயே யாரென்று தெரிந்தது.

"சிறகும் உனக்குத்தான்," என்றான். "எலியையும் சேத்து எடுத்துக்கோ."

"சான் ஹூலியானுக்கு பஸ்ல போய் அந்த ஸ்டிக்கை எடுத்துட்டு வா," என்றேன். "ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்கு வேணும். முன்னாடி உக்கார்றவனுக்குக் கையில ஏதாவது இருக்கட்டும்."

அவன் கைக்குட்டை என் கன்னத்தில் அப்படியே நின்றது. பஸ் காலை ஆறு மணிக்கு என்றாள் எதெல்வினா.